புள்ளி விழுந்த பிறகு: விழுப்புரம் மணிலா வயலில் பூஞ்சாணக் கொல்லி ஏன் தோற்கிறது?

கேள்வி

திருவாமாத்தூர், விழுப்புரத்துக்கு வடமேற்கே பம்பையாற்றங்கரையில் உள்ள பாடல் பெற்ற தலம். ஆற்றுத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் எட்டுகிற இடங்களில் நெல்லும் கரும்பும் நிற்கும். அங்கிருந்து விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம், செஞ்சி என்று வானம் பார்த்த மேட்டு நிலங்களுக்குப் போகப்போக மணிலா, அதாவது நிலக்கடலை. ஊர்ப்பேச்சில் மல்லாட்டை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, தமிழகத்தைத் தாண்டி ஆந்திரம், கர்நாடகம் வரை பல தலைமுறை உழவர்களின் விதையாக இருந்தது. இன்று நாடு முழுவதும் பேசப்படும் ஒரு பயிரின் ஆராய்ச்சி வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு.

இதே வட்டாரத்தில் பருவந்தோறும் கேட்கிற குறையும் ஒன்று உண்டு. மருந்து அடித்தோம், கேட்கவில்லை, இலை கொட்டிவிட்டது. இதற்கு மூன்று விளக்கங்கள் புழங்குகின்றன. மருந்தில் கலப்படம் என்பார் உழவர். அளவும் முறையும் தவறு என்பார் விரிவாக்க அலுவலர். பூஞ்சாணம் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்பார் நோயியல் அறிஞர். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால், தோல்வியின் பெரும்பகுதி மருந்துக் குப்பி திறக்கப்படுவதற்கு முன்பே, இரண்டு முடிவுகளில் நேர்ந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒன்று, எந்த நோய் என்று பிரித்தறியாமல் மருந்து தேர்வது. மற்றொன்று, புள்ளியைக் கண்ணால் கண்ட பிறகே தெளிக்கும் நாளைத் தீர்மானிப்பது.

இரண்டு புள்ளிகளும் ஒரு துருவும்

மணிலா இலைப்புள்ளிக்கு வழங்கும் டிக்கா என்ற பெயருக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. முன்பருவ இலைப்புள்ளியை உண்டாக்குவது செர்க்கோஸ்போரா அராக்கிடிகோலா. இலையின் மேற்புறத்தில் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். பின்பருவ இலைப்புள்ளியை உண்டாக்குவது ஃபேயோஐசாரியோப்சிஸ் பெர்சனேட்டா. புள்ளி ஏறத்தாழ வட்டமாக, கரி போல் கறுத்திருக்கும். வித்துகள் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் திரளும். மூன்றாவது துரு, பக்சினியா அராக்கிடிஸ். இலையின் அடியில் செங்காவி நிறக் கொப்புளங்கள், விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். இலைப்புள்ளி தாக்கிய இலை உதிர்ந்துவிடும். துரு தாக்கிய இலை கருகிச் சுருண்டாலும் பெரும்பாலும் செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். உருப்பெருக்கி இல்லாமலே வயலில் நின்று பார்க்கக்கூடிய வேறுபாடு இது.

காலமும் முக்கியம். டி.எம்.வி. 2 தேர்வு செய்யப்பட்ட நாட்களில் துரு இங்கே ஒரு பிரச்சினையே இல்லை. இந்தியாவில் அது பரவலாகப் பதிவானது 1969–71 வாக்கில்தான். அதன் பின்னர் இலைப்புள்ளியும் துருவும் ஒரே வயலில், ஒரே இலையில்கூடச் சேர்ந்து வரத் தொடங்கின. பழைய ரகங்கள் இரண்டுக்கும் எளிதில் ஆட்பட்டன. இரண்டும் சேர்ந்து கடுமையாகத் தாக்கினால் விளைச்சலில் பாதிக்கும் மேல் போகலாம் என்பதை ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டின.

அந்த ஆய்வுகளின் முறையே நம் கேள்விக்கு ஒரு சான்று. எந்த நோயால் எவ்வளவு இழப்பு என்று பிரிக்க, ஆய்வாளர்கள் மூன்று வகை மருந்துகளைத் தனித்தனிப் பாத்திகளில் தெளித்தார்கள். இலைப்புள்ளியை மட்டும் அடக்கக் கார்பன்டாசிம், துருவை மட்டும் அடக்க டிரைடெமார்ஃப், இரண்டையும் அடக்கக் குளோரோதலோனில். கார்பன்டாசிம் தெளித்த பாத்தியில் துரு தங்குதடையின்றி வளர்ந்தது. இது ஆய்வாளர்கள் தெரிந்தே பயன்படுத்திக்கொண்ட குணம். ஆனால், துரு கண்ட வயலுக்குக் கார்பன்டாசிம் வாங்கிச் செல்லும் உழவருக்கு அதே குணம் முழு நட்டம். மருந்து போலியல்ல, அளவும் சரியாக இருக்கலாம். அந்த மருந்துக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் விஷயம்.

கடைக்காரரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவரைத் திருவாமாத்தூர்க் கோயிலில் சத்தியம் செய்யும் இடமான வட்டப்பாறை முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாலும் அவர் சொல்வது பொய்யாகாது. ‘புள்ளி விழுந்திருக்கு, என்ன அடிக்கலாம்?’ என்பதுதான் அவரிடம் வருகிற கேள்வி. அதற்கு அவர் தரும் விடை சரியே. இலையைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் கேள்வியே மாறியிருக்கும். மருந்து விற்பவர்களுக்காக ஐதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் 2003இல் தொடங்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பும், விற்பனை உரிமத்துக்குப் பின்னாளில் வந்த கல்வித் தகுதி விதிகளும் இந்த இடத்தைச் சரிசெய்யும் முயற்சிகள்தாம். எனினும் கடையின் வருமானம் விற்பனையில் இருக்கும்வரை, ‘இந்த முறை எதுவும் வேண்டாம்’ என்ற சீட்டு அங்கிருந்து வராது. அந்தச் சொல்லை வேளாண் அறிவியல் நிலையமோ வேளாண் அலுவலரோதான் சொல்ல முடியும். விழுப்புரம் மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. திருவாமாத்தூர் உழவருக்குக் கடை அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

இலையின்மேல் நடப்பது

பூஞ்சாணக் கொல்லி என்ற பெயர், நோயைக் கொல்லும் பொருள் என்ற எண்ணத்தை விதைத்துவிடுகிறது. 1885இல் பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்தே திராட்சைக்கு வகுத்த மயில்துத்தம்–சுண்ணாம்புக் கலவையிலிருந்து இன்றைய மாங்கோசெப் வரை, தொடு மருந்துகள் எல்லாமே அடிப்படையில் வேலி. இலையின்மேல் விழுந்த வித்து முளைக்கும்போது மருந்து அங்கே ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். முளைத்து உள்ளே போன பூஞ்சாணத்தை மாங்கோசெப்போ குளோரோதலோனிலோ தொட முடியாது. போர்டோ கலவையில் தாமிரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கத் தீட்டிய அரிவாளை முக்கி எடுப்பது பழைய வழக்கம். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கருவி இல்லாத காலத்தில் எவ்வளவு துல்லியமான சோதனை!

ஊடுருவும் மருந்துகளின் கதை வேறு. கார்பன்டாசிம், ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் போன்றவை இலைக்குள் நுழையும். இவற்றில் பின்னிரண்டும் சேர்ந்த டிரையசோல் வகை மருந்துகள் தொற்று நிகழ்ந்து சில நாட்கள்வரை அதை உள்ளேயே நிறுத்தக்கூடும். ஆனால் கறுத்துவிட்ட புள்ளியைப் பச்சையாக்க எந்த மருந்தாலும் ஆகாது. அடுத்த ஏமாற்றம் ‘உடம்பு முழுதும் பாயும்’ என்ற நம்பிக்கையில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தண்ணீர் ஏறும் குழாய்களின் வழியே மேல்நோக்கி, இலை நுனி நோக்கிப் போகுமே தவிர, உச்சி இலையில் விழுந்தது கீழ் இலைக்கு இறங்கி வராது. மணிலாவில் நோய் தொடங்குவதோ மண்ணை ஒட்டிய கீழ் இலைகளில். சென்ற பருவத்துக் குப்பையில் தங்கிய வித்துகளும், தானாக முளைத்த செடிகளில் பிழைத்துக் கிடந்தவையும் மழைத்துளி தெறித்து முதலில் ஏறும் இடம் அதுதான். செடி 45, 50 நாளில் கவிந்து மூடிக்கொண்ட பிறகு, வரப்போரம் நடந்து மேலாக வீசிச் செல்லும் தெளிப்பு மருந்து வேண்டாத இலைகளுக்கு மருந்தையும், வேண்டிய இலைகளுக்கு நிழலையும்தான் தருகிறது.

எதிர்ப்புத்திறன் வாதத்தையும் இங்கேயே எடைபோடலாம். கார்பன்டாசிம் பூஞ்சாணச் செல்லின் ஒரே ஒரு புரதத்தை, பீட்டா டியூபுலினை, பிடித்து நிறுத்துகிறது. அந்தப் புரதத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும், மருந்து பிடி இழக்கும். செடிக்குள் கார்பன்டாசிமாகவே மாறிச் செயல்படும் பெனோமிலைத் தொடர்ந்து தெளித்த அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், 1970களிலேயே மணிலா இலைப்புள்ளிப் பூஞ்சாணங்கள் அதைத் தாங்கத் தொடங்கின. மாங்கோசெப் பல இடங்களில் ஒருசேரத் தாக்குவதால் அதற்கு இப்படி நேர்வது அரிது. ஒன்றுக்கொன்று காவலாகட்டும் என்றுதான் இரண்டையும் சேர்த்த கலவைப் பொட்டலம் வந்தது.

அந்தப் பொட்டலத்தின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. கார்பன்டாசிம் 12 சதவீதம், மாங்கோசெப் 63 சதவீதம் கொண்ட தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்தால், ஒரு லிட்டரில் 0.24 கிராம் கார்பன்டாசிமும் 1.26 கிராம் மாங்கோசெப்பும் இருக்கும். தனித்தனியே பரிந்துரைக்கும் அளவில், 50 சதக் கார்பன்டாசிம் 1 கிராம் என்றால் 0.5 கிராம், 75 சத மாங்கோசெப் 2 கிராம் என்றால் 1.5 கிராம். இரண்டுமே குறைவு. இலைப்புள்ளிக்கு இரண்டும் சேர்ந்து உழைப்பதால் இந்தக் குறை மறைந்துபோகலாம். வயலில் இருப்பது துரு என்றால் உழைப்பது மாங்கோசெப் மட்டுமே, அதுவும் தனியாகத் தெளிப்பதைவிடக் குறைந்த அளவில். ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ என்ற சிபாரிசு பொய்த்துப்போகும் இடம் இது.

டேங்க் கணக்கு

பரிந்துரை ஏக்கர்க் கணக்கில் எழுதப்படுகிறது. தெளிப்போ டேங்க் கணக்கில் நடக்கிறது. மாங்கோசெப் எக்டேருக்கு 1 கிலோ, 500 லிட்டர் தண்ணீர். அதாவது ஏக்கருக்கு 400 கிராம், 200 லிட்டர். 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரில் பன்னிரண்டரை டேங்க். டேங்குக்கு 32 கிராம்.

பழைய கைத்தெளிப்பான் 10 லிட்டர் கொள்ளும். அதில் டேங்குக்கு 20 கிராம் என்பது மனப்பாடம். ஸ்பிரேயர் மாறியும் அந்த 20 கிராம் மாறவில்லை என்றால் கரைசல் லிட்டருக்கு 1.25 கிராமாகத் தேய்ந்துவிடும். கூடவே, கூலிக்கு அடிப்பவர் ஏக்கரை எட்டு டேங்கில் முடித்தால், நிலத்தில் விழுவது 160 கிராம், பரிந்துரையில் ஐந்தில் இரண்டு பங்கு. இதில் யாருடைய அறியாமையும் பெரிதாக இல்லை. தண்ணீரைச் சுமந்து நடக்கும் கூலி டேங்க் எண்ணிக்கையில் ஏறுகிறது. கிணற்றிலிருந்து தொலைவான கொல்லையில் இன்னும் நான்கு நடை என்பது இன்னும் ஒரு மணி நேரம். மருந்தின் விலையைவிடத் தண்ணீர் சுமக்கும் விலையே இங்கே முடிவு செய்கிறது. விரிவாக்கத் துண்டறிக்கைகள் இதை எழுதுவதில்லை என்பது என் வருத்தம். கிராம் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, 16 லிட்டருக்கு எத்தனை கிராம், ஏக்கருக்கு எத்தனை டேங்க் என்று இரண்டே எண்களைப் பெரிதாக அச்சிட்டால் பயன் அதிகம்.

மற்றவை சுருக்கமாக. களைக்கொல்லிக்கு மாட்டிய தட்டை விசிறி நாசிலைக் கழற்றிக் கூம்பு நாசில் மாட்ட வேண்டும். முடிந்தால் களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயரே வேண்டும். மணிலா இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, துளி உருண்டோடும். டீப்பால் போன்ற ஒட்டு திரவம் சேர்ப்பது வீண் செலவு ஆகாது. கவிந்த செடியில் தெளிப்புக் குழாயைத் தாழ்த்தி, பக்கவாட்டில், அடியிலைக்குப் போகும்படி பிடிக்க வேண்டும்.

ட்ரோன் இப்போது இந்தக் கூலிச் சிக்கலுக்கு விடையாக முன்வைக்கப்படுகிறது. ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ட்ரோன் தெளிப்புக்கான நடைமுறைகளை வெளியிட்டது. மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்துக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. ட்ரோன் ஏக்கருக்குப் பயன்படுத்தும் தண்ணீர் ஏறத்தாழ 10 லிட்டர்தான். ஆள் சேற்றில் இறங்க முடியாத நெல்லில், மழை விட்ட இடைவெளியில், அதன் வேகம் பெரிய வரம். மணிலாவில், கீழ் இலையின் அடிப்புறத்தை நனைக்க வேண்டிய ஒரு தொடு மருந்துக்கு இந்த அளவு போதும் என்று நான் நம்பத் தயங்குகிறேன்.

நாளா, வானமா?

வழக்கமான பரிந்துரை நாள் கணக்கில் இருக்கிறது: விதைத்த 35ஆம் நாள் வாக்கில் முதல் தெளிப்பு, பதினைந்து நாள் கழித்து அடுத்தது. உழவரின் நடைமுறை கண் கணக்கில் இருக்கிறது: புள்ளி தெரிந்ததும் அடிப்பது. இரண்டிலும் குறை உண்டு.

வித்து இலையில் முளைத்துப் புள்ளியாகத் தெரியப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். இன்று கண்ணில் படும் புள்ளி, இரண்டு வாரத்துக்கு முந்தைய மழையின் விளைவு. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய், ஆள் பிடித்து, தெளித்து முடிப்பதற்குள் அடுத்த தலைமுறை வித்து அக்கம்பக்கத்து இலைகளில் இறங்கியிருக்கும். ஆகவே கண் கணக்கு எப்போதும் ஒரு சுற்றுப் பின்தங்கியே ஓடும். நாள் கணக்கின் குறை வேறு. மழையற்ற ஆண்டிலும் அது தெளிக்கச் சொல்லும். மானாவாரி உழவர், மழை வருமா என்றே தெரியாத பயிரில் 35ஆம் நாள் பணம் போடத் தயங்குவது அறியாமை ஆகாது; அது சரியான கணக்கு. வறட்சியில் காய் பிடிக்காத செடிக்கு இலை இருந்து என்ன?

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜென்சனும் பாயிலும் 1960களின் நடுவில், காற்றின் ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் நீடித்தது, அந்த நேரத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை என்ன என்ற இரண்டை மட்டும் வைத்து மணிலா இலைப்புள்ளி எப்போது பெருகும் என்று கணித்தார்கள். இலை நனைந்தே கிடக்கும் நேரம்தான் நோயின் கடிகாரம். நம் பருவங்களில் இதைப் பொருத்திப் பார்த்தால், ஆடிப்பட்டமும் மார்கழிப்பட்டமும் ஒரே சீட்டில் அடங்காது என்பது தெரியும். ஆடியில் விதைத்த 105 நாள் பயிருக்கு, காய் முற்றும் நேரத்தில் ஐப்பசி அடைமழை வருகிறது. பின்பருவப் புள்ளிக்கும் துருவுக்கும் அதைவிட நல்ல காலம் இல்லை. இறவையில் மார்கழியில் விதைத்த பயிருக்கு ஆபத்து பெரும்பாலும் பனியிலிருந்தும், மாலையில் தண்ணீர் பாய்ச்சி இரவெல்லாம் இலை நனைந்து கிடப்பதிலிருந்தும் வருகிறது.

ஆகவே மானாவாரி ஆடிப்பட்டத்தில், ஒரே ஒரு தெளிப்புக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை 35ஆம் நாளுக்கென்று கட்டிவைக்காமல், 40ஆம் நாளுக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மேகமூட்டமும் தூறலும் வரும் முதல் தருணத்துக்கு முன்னால் தெளிக்கலாம் என்பது என் தீர்ப்பு. அதற்கு வட்டார அளவில் வானிலை அறிவுரை வேண்டும். நாடெங்கும் இதற்காக இயங்கிய மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024இல் மூடப்பட்டது, தெளிக்கும் நாளைச் சரியாகச் சொல்லும் வாய்ப்பைக் குறைத்த ஒரு நிர்வாக முடிவு. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படிப்பட்ட நாளுக்கு எந்தத் தெளிப்பும் பதில் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மருந்து எட்டாத இடங்கள்

தெளிப்பால் தீராத பூஞ்சாண நோய் எது என்று கரும்பு உழவரைக் கேட்டால் போதும். கடலூர் ஆராய்ச்சி நிலையத்தின் கோ.சி. 671 என்ற சர்க்கரைச் சத்து மிகுந்த கரும்பு, கடலோர மாவட்டங்களில் செவ்வழுகல் நோயால் வயல் வயலாக வீழ்ந்தது. பூஞ்சாணம் தண்டுக்குள்ளே இருக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே சேராது. நோயற்ற கரணையும் எதிர்ப்புள்ள ரகமும்தான் வழி.

மணிலாவிலும் இதற்கு இணையான பாடம் உண்டு. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 பின்பருவப் புள்ளியையும் துருவையும் தாங்கும் ரகம். விதை மாறினால் ஒரு தெளிப்பாவது குறையும். மண்ணில் இருக்கும் கழுத்தழுகல், வேரழுகல் நோய்களுக்கு விதை நேர்த்தியே மிக மலிவான பாதுகாப்பு: கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது பூஞ்சாணக் கொல்லி. இரண்டையும் ஒரே விதையில் கலப்பது உயிர் மருந்தை நாமே கொல்வது. டிரைக்கோடெர்மாவுக்குப் பின் ரைசோபியம் கலக்கலாம், இரண்டும் ஒத்துப்போகும்.

கொடியைத் தின்னும் மாடு

மணிலா பற்றிய மருந்துப் பரிந்துரைகள் காயைப் பற்றியே பேசுகின்றன. இங்கே கொடியும் விளைச்சல்தான். காய் பறித்த கொடி கறவை மாட்டுக்கு நேரே போகிறது, உலர்த்தி அடுக்கி வைத்தும் போடப்படுகிறது. பருப்போ மண்ணுக்கடியில், ஓட்டுக்குள் இருக்கிறது. தெளித்த மருந்து முழுவதும் விழுந்தது கொடியின்மேல். குளோரோதலோனில் தெளித்த மணிலாக் கொடியைக் கால்நடைக்குப் போடக் கூடாது என்று அமெரிக்காவில் விற்கும் குப்பியின் விவரச்சீட்டே எச்சரிக்கிறது. பால் வருமானத்தோடு பின்னிய நம் ஊரில் அந்த எச்சரிக்கை அதைவிட உரத்து ஒலிக்க வேண்டும்.

மருந்துகளின் சட்ட நிலையும் நிலையாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் குளோரோதலோனிலுக்கும் 2020இல் மாங்கோசெப்புக்கும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2020 மே மாதம் ஒன்றிய அரசு வெளியிட்ட 27 மருந்துகளின் தடை வரைவில் கார்பன்டாசிமும் மாங்கோசெப்பும் விதை நேர்த்தி மருந்தான திரமும் இருந்தன. 2023இல் வந்த இறுதி ஆணையில் அவை தப்பித்தன. பெனோமிலும் டிரைடெமார்ஃபும் 2018இலேயே தடைக்குள்ளாயின. பொட்டலத்தில் உள்ள பச்சை முக்கோணம் உடனடி நஞ்சுத்தன்மை குறைவு என்பதை மட்டுமே சொல்கிறது. நாட்பட்ட விளைவுகளைப் பற்றி அந்த நிறம் எதுவும் பேசாது; ஆனால் ‘பச்சைதானே’ என்று கையுறையில்லாமல் கரைப்பதற்கு அதுவே காரணமாகிவிடுகிறது.

இங்கே ஒரு முரண் தீராமல் நிற்கிறது. ஆடிப்பட்டத்தில் பின்பருவப் புள்ளியும் துருவும் உச்சத்துக்கு வருவது 75 நாளுக்கு மேல். காயைக் காக்க வேண்டுமானால் தெளிக்க வேண்டிய நேரம் அது. கொடியை மாட்டுக்குப் போட வேண்டுமானால் தெளிக்கக் கூடாத நேரமும் அதுதான். கறவை மாடு வைத்திருப்பவர் முதல் தெளிப்பை முன்தள்ளி, கடைசித் தெளிப்பைக் கைவிட்டு, கொஞ்சம் காய் இழப்பை ஏற்றுக்கொள்வது நியாயமான தேர்வாகலாம். கொடியை விற்காமல் மடக்கி உழுபவருக்குக் கணக்கு வேறு. பரிந்துரைச் சீட்டில் காய்க்கு ஒரு காத்திருப்புக் காலமும் கொடிக்கு ஒரு காத்திருப்புக் காலமும் தனித்தனியாக அச்சிடப்பட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் விதைத்த கொடியில் தங்கும் எச்சத்தைத் தெளித்த நாளிலிருந்து வாரம்தோறும் அளந்து அந்த இரண்டாவது எண்ணைத் தருவதற்கு, இந்தப் பயிரின் ரகங்களை நாட்டுக்குத் தந்த திண்டிவனத்தைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி நிலையம் இல்லை.